20 வயதாகியும் பெரிய கிளப்பின் சீனியர் அணியில் இடமில்லை என்றால் ஒரு கால்பந்து வீரரின் கதை முடிந்ததா?

கேள்வி இதுதான். பெரிய கிளப் ஒன்று 17 வயது வீரர் ஒருவரோடு தொழில்முறை ஒப்பந்தம் போடுகிறது. அடுத்த நட்சத்திரம் என்று செய்திகள் வருகின்றன. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அவர் அந்தக் கிளப்பின் சீனியர் அணியில் இல்லை. வேறொரு நாட்டில், பெயர் தெரியாத கிளப் ஒன்றில் லோனில், அதாவது சொந்தக் கிளப்பின் ஒப்பந்தம் தொடரும்போதே தற்காலிகமாக, ஆடிக்கொண்டிருக்கிறார். அவரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரு வீரரின் ஆரம்ப ஆண்டுகளை எதை வைத்து மதிப்பிடுவது?

முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பமே ஆகிறது. 17 முதல் 22 வயது வரை ஒரு வீரரைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அவர் எந்தக் கிளப்பின் சட்டை போட்டிருக்கிறார் என்பதை அல்ல. முதல் ஆட்டத்தில் எத்தனை வயதில் இறங்கினார், எத்தனை கோடிக்கு விலை பேசினார்கள் என்பதையும் அல்ல. பெரியவர்களோடு, முடிவுக்கு மதிப்புள்ள ஆட்டங்களில், அவர் எத்தனை நிமிடம் ஆடியிருக்கிறார்? அந்த நிமிடங்களை அவருக்கு யார், எதற்காகக் கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் ஓரளவு புரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள மார்ட்டின் ஓடகார்டின் ஆரம்ப ஆண்டுகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நார்வேயின் டிராமன் ஊரில் 1998 டிசம்பரில் பிறந்தவர். அப்பா ஹான்ஸ் எரிக்கும் தொழில்முறை வீரராக இருந்தவர்தான். அந்த ஊரின் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் கிளப்புக்காக 2014 ஏப்ரலில் நார்வேயின் முதல் டிவிஷனில் ஓடகார்ட் இறங்கியபோது அவருக்கு 15 வயது. அடுத்த மாதமே கோல் அடித்தார். அந்த ஆகஸ்டில் நாட்டுக்காக ஆடினார். நார்வே அணிக்கு ஆடியவர்களில் மிக இளையவர் அவர்தான். அக்டோபரில் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையின் தகுதிச் சுற்றில், பல்கேரியாவுக்கு எதிராகக் களமிறங்கி இன்னொரு சாதனையும் படைத்தார். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் பலவும் அழைத்தன. அப்பாவும் மகனும் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கிளப்பின் பயிற்சி மைதானத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைசியில் 2015 ஜனவரியில் ரியல் மாட்ரிடைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு 16 வயது. மே மாதம் கெட்டாஃபே அணிக்கு எதிரான ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்குப் பதிலாக இறக்கினார்கள். ரியல் மாட்ரிட் வரலாற்றிலேயே மிக இளைய வீரர் என்ற பெயர் வந்தது.

இதுவரை கேட்டால் கனவு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். ரியல் மாட்ரிட்டின் இரண்டாவது அணியான காஸ்டியா அப்போது ஸ்பெயினின் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. பயிற்சியாளர் ஸிதான். வாரம் முழுக்க நட்சத்திர வீரர்களோடு சீனியர் அணியில் பயிற்சி, வார இறுதியில் காஸ்டியாவுக்கு ஆட்டம் என்று ஓடகார்டின் வாழ்க்கை ஓடியது. கேட்க நல்ல ஏற்பாடாகத் தெரியும். பிரச்சினையும் அதில்தான் இருந்தது. சீனியர் அணியில் அவர் ஒரு விருந்தாளி. காஸ்டியாவில் சனி, ஞாயிறு மட்டும் வந்து ஆடும் வெளியாள். கூட ஆடுபவர்களோடு வாரம் முழுக்கப் பயிற்சி செய்யாமல், அவர்கள் எப்போது ஓடுவார்கள், பந்தை எந்தக் காலுக்குக் கேட்பார்கள் என்பது எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பத்திரிகைகள் அவரை வீணாய்ப்போன அதிசயச் சிறுவன் என்று எழுதத் தொடங்கின. அவருக்கு 18 வயதுதான் ஆகியிருந்தது.

2017 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹேரன்வேன் கிளப்புக்கு லோனில் போனார். ஒன்றரை ஆண்டு. கோல் கணக்கு பெரிதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஆடினார். பெரியவர்கள் மோதினால் விழுந்து எழுவது, 70-வது நிமிடத்தில் கால் ஓய்ந்த பிறகும் சரியான பாஸ் கொடுப்பது, தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்து நிற்பது எல்லாம் அங்கேதான் பழகின. 2018-19 பருவத்தில் அதே நாட்டில் விட்டெஸ் கிளப். பயிற்சியாளர் ரஷ்யாவின் லியோனிட் ஸ்லுட்ஸ்கி. அந்தப் பருவத்தில் நெதர்லாந்து லீகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவராக வளர்ந்தார். அடுத்தது 2019-20, ஸ்பெயினின் ரியல் சோசியடாட். 2020 பிப்ரவரியில் ஸ்பெயின் கிளப்புகளின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயின் காலிறுதியில் ரியல் மாட்ரிடை அவர்கள் மைதானத்திலேயே 4-3 என்று சோசியடாட் வீழ்த்தியபோது, சொந்தக் கிளப்புக்கு எதிராக ஓடகார்டும் ஒரு கோல் அடித்தார்.

அதற்குப் பிறகு மாட்ரிட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. முதல் பாதிப் பருவத்தில் சொற்ப ஆட்டங்களே கிடைத்தன. 2021 ஜனவரியில் ஆர்சனலுக்கு லோன், அந்த ஆகஸ்டில் நிரந்தர டிரான்ஸ்ஃபர். 2022 கோடையில் ஆர்சனலின் கேப்டன். அதற்கு முன்பே, 22 வயதில், நார்வே அணிக்கும் கேப்டனாகியிருந்தார்.

இப்போது இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஃப்ரெடி அடு. 1989-ல் கானாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். 2004 ஏப்ரலில் டி.சி. யுனைடெட் அணிக்காக அமெரிக்காவின் முதல்நிலை லீகான எம்.எல்.எஸ்.ஸில் இறங்கியபோது வயது 14. விளம்பரங்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், பெலேயோடு ஒப்பீடு என்று எல்லாம் வந்துவிட்டது. 2007-ல் போர்ச்சுகலின் பென்ஃபிகா வாங்கியது. அங்கிருந்து மொனாக்கோ, பெலனென்சஸ், கிரேக்கத்தின் ஆரிஸ், துருக்கியின் ரிஸேஸ்போர் என்று நான்கு லோன். எங்கும் நிலையான இடம் கிடைக்கவில்லை.

ஓடகார்டுக்கும் நான்கு லோன், அடுவுக்கும் நான்கு லோன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஓடகார்டின் லோன்கள் ஏணிப்படி மாதிரி: நெதர்லாந்தில் நடுத்தர அணி, அங்கேயே அதைவிட நல்ல அணி, பிறகு ஸ்பெயினில் மேல்வரிசைக்குப் போட்டியிடும் அணி, பிறகு இங்கிலாந்தின் பெரிய கிளப். ஒவ்வொரு இடத்திலும் அவரைக் கேட்டு வாங்கிய பயிற்சியாளர் இருந்தார், அவர் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. அடுவின் லோன்களில் அந்த வரிசையைக் காண முடியவில்லை. அதோடு, 14 வயதில் அவருக்குக் கிடைத்த நிமிடங்களில் டிக்கெட் விற்பனைக்கும் பங்கு இருந்தது. ஆட்டத்துக்குத் தேவைப்பட்டதால் இறக்குவதும், பார்க்க ஆள் வருவார்கள் என்று இறக்குவதும் ஒரு சிறுவனை இரண்டு விதமாக வளர்க்கும். அதனால்தான் நிமிடக் கணக்கோடு நிறுத்தாமல், யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்றேன்.

சரி, கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளியான அகாடமியிலிருந்து சீனியர் அணிக்குப் போவது ஏன் இவ்வளவு கடினம்? வெளியிலிருந்து பார்க்கும் பலரும் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அகாடமி ஆட்டத்தில் வீரரின் வளர்ச்சிதான் நோக்கம். அவர் மூன்று பேரை ட்ரிப்ளிங்கில் தாண்டப் பார்த்துப் பந்தை இழந்தால், பயிற்சியாளர் அடுத்த முறை எப்போது பாஸ் கொடுக்கலாம் என்று சொல்லித்தருவார். சீனியர் ஆட்டத்தில் அந்த இழந்த பந்து எதிரணிக்குக் கோலாக மாறினால் அணியில் எல்லோருடைய வெற்றி போனஸும் போகும். கடைசி இடங்களில் தவிக்கும் அணியென்றால் பயிற்சியாளரின் வேலையே போகும். உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் 32 வயது டிஃபெண்டருக்கு அதுதான் கடைசி ஒப்பந்தமாக இருக்கலாம். அவர் உங்கள் வளர்ச்சிக்காக ஆடவில்லை, வெற்றிக்குக் கிடைக்கும் மூன்று புள்ளிகளுக்காக ஆடுகிறார்.

உடம்பும் ஒரு காரணம். சிலருக்கு 14 வயதிலேயே உடல் முதிர்ந்துவிடும், சிலருக்கு 17 ஆகும். அகாடமியில் சீக்கிரம் வளர்ந்தவர் வேகத்திலும் பலத்திலும் ஜெயிப்பார். 20 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் அவருடைய சாதகம் காணாமல் போகும். அகாடமிகளில் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதும் இதனால்தான். வயதுப் பிரிவுக்குக் கட்-ஆஃப் தேதி ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரு ஆண்டு வளர்ச்சி வித்தியாசம். 12 வயதில் அது பெரிய இடைவெளி. சிறியவன் என்று பல பிரெஞ்சு கிளப்புகள் திருப்பியனுப்பிய பிறகு ஸ்பெயினின் ரியல் சோசியடாட் எடுத்துக்கொண்ட ஆன்ட்வான் கிரீஸ்மன் பின்னாளில் பிரான்ஸோடு உலகக் கோப்பை வென்றார்.

இந்தத் தாவலுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு பாலம் வைத்திருக்கிறது. ஸ்பெயினில் கிளப்பின் இரண்டாவது அணியே தேசிய லீகின் கீழ் டிவிஷன்களில் பெரியவர்களோடு மோதுகிறது. முதல் அணி இருக்கும் டிவிஷனுக்கு மட்டும் அது ஏற முடியாது. ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஆனால் அங்கே இரண்டாவது அணி மூன்றாம் டிவிஷனுக்கு மேல் ஏற முடியாது. இங்கிலாந்தில் 21 வயதுக்குட்பட்டோருக்கு தனி லீக் இருக்கிறது. அதில் ஆட்டம் அழகாக இருக்கும், அழுத்தம் இருக்காது. அதனால்தான் இங்கிலாந்து கிளப்புகள் இளம் வீரர்களைக் கீழ் டிவிஷன்களுக்கு இவ்வளவு அதிகமாக லோனில் அனுப்புகின்றன.

ஹாரி கேன் அப்படி வளர்ந்தவர். சின்ன வயதில் ஆர்சனல் அகாடமி அவரை விட்டுவிட்டது. டோட்டன்ஹாம் எடுத்துக்கொண்டது. 2011 ஜனவரியில், 17 வயதில், மூன்றாம் டிவிஷனின் லேட்டன் ஓரியன்ட் கிளப்புக்கு லோன். அடுத்த ஜனவரியில் மில்வால். அந்த அணி இரண்டாம் டிவிஷனிலிருந்து கீழே விழும் நிலையில் இருந்தது. கேன் அடித்த கோல்கள் அவர்களைக் காப்பாற்ற உதவின. அந்தப் பருவத்தின் சிறந்த இளம் வீரர் விருதையும் அவருக்கே கொடுத்தார்கள். அடுத்தது நார்விச், அங்கே பாத எலும்பு முறிந்தது. பிறகு லெஸ்டர், அங்கே பெரும்பாலும் பெஞ்சில். அவரோடு அதே பெஞ்சில் ஜேமி வார்டியும் உட்கார்ந்திருக்கும் 2013-ம் ஆண்டுப் படம் ஒன்று பின்னாளில் மிகவும் பிரபலமானது. அன்று அந்தப் படத்தைப் பார்த்த யாரும் இவர்கள் இருவரும் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகின் அதிகக் கோல் அடித்தவர் விருதை வாங்குவார்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 2014-15 பருவத்தில், 21 வயதில், கேன் எல்லாப் போட்டிகளும் சேர்த்து 31 கோல் அடித்தார். நான்கு லோனில் இரண்டு பலன் தந்தன, இரண்டு தரவில்லை. ஒரு லோன் சரிவராமல் போவது சாதாரணம்.

லூகா மோட்ரிச்சையும் சேர்த்துக்கொள்ளலாம். 18 வயதில் டினாமோ ஸாக்ரெப் அவரை போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் கிளப்புக்கு அனுப்பியது. மோசமான மைதானங்கள், காலை வெட்டும் டேக்கிள்கள். அந்த லீகில் ஆடத் தெரிந்தவர் எங்கும் ஆடலாம் என்ற பொருளில் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2018-ல் அவர் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதை வாங்கினார்.

அதனால் ஒரு வீரர் லோனில் போகிறார் என்ற செய்தி வந்தால் போகும் இடத்தைப் பாருங்கள். அவரைக் கேட்டது பயிற்சியாளரா, நிர்வாகமா? பயிற்சியாளர் கேட்டிருந்தால் ஆட வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் பயிற்சியாளரை அக்டோபரில் நீக்கிவிட்டால் புதியவருக்கு இந்த வீரர் மேல் எந்தக் கடமையும் இல்லை. அதே இடத்தில் ஆட அங்கே ஏற்கனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? பந்தைக் காலில் வைத்து ஆடும் மிட்ஃபீல்டரை, நீண்ட பந்துகளைத் தலைக்கு மேலே அனுப்பும் அணிக்கு அனுப்பினால் 30 ஆட்டம் ஆடினாலும் அவர் கற்றுக்கொள்வது குறைவு. ஒப்பந்தத்தில் பாதியில் திரும்ப அழைக்கும் உரிமை இருக்கிறதா? அது இருந்தால், பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் வீரரை ஜனவரியில் மீட்டு வேறு இடத்துக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் ஒரு முழு ஆண்டு போய்விடும். 19 வயதில் ஒரு ஆண்டு என்பது மிகப் பெரிய இழப்பு.

முன்பெல்லாம் சில பெரிய கிளப்புகள் முப்பது, நாற்பது இளம் வீரர்களை வாங்கிக் குவித்து லோனிலேயே சுற்றவிட்டன. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பலர் அந்தக் கிளப்பின் சட்டையைப் போடாமலேயே 24 வயதைத் தொட்டார்கள். ஃபிஃபா 2022 ஜூலையிலிருந்து இதற்கு வரம்பு கொண்டுவந்தது. ஒரு லோன் அதிகபட்சம் ஒரு ஆண்டு, லோனில் வந்தவரை மூன்றாவது கிளப்புக்கு மறுபடியும் லோனில் அனுப்பக் கூடாது, கிளப்புகளுக்கு இடையே போகும் லோன்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு. கிளப்பே வளர்த்த இளம் வீரர்களுக்கு மட்டும் இந்த எண்ணிக்கைக் கணக்கில் விலக்கு. தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம்.

வயது பற்றிய விதிகளும் ஆரம்ப ஆண்டுகளின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் குறைந்தவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு டிரான்ஸ்ஃபர் செய்யக் கூடாது. பெற்றோர் கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக இடம் பெயர்ந்தால், வீரரின் வீடும் புதிய கிளப்பும் எல்லையை ஒட்டி இருந்தால், அல்லது ஐரோப்பிய ஒன்றியம் மற்றும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள்ளேயே 16 வயது முடிந்தவர் போனால் விலக்கு உண்டு. ஓடகார்ட் 16 வயதில் மாட்ரிட் போக முடிந்தது இந்தக் கடைசி விலக்கால்தான். பிரேசிலின் என்ட்ரிக்குக்கு அந்த வழி இல்லை. ரியல் மாட்ரிட்டோடு 2022 டிசம்பரிலேயே பேசி முடித்தாலும், 18 வயது நிறையும் 2024 ஜூலை வரை பால்மெய்ராஸிலேயே ஆடினார். அந்தக் காத்திருப்பு அவருக்கு நன்மையாகவே அமைந்தது என்பேன். தெரிந்த ஊரில், தாய்மொழி பேசும் பயிற்சி அறையில், பெரியவர்களின் லீகில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டுப் போனார். இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனா மீது 2014-ல் தண்டனை வந்து, இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்களுக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் போனது. சிறுவர்களைக் கண்டம் தாண்டிக் கொண்டுவந்து, சரிவராவிட்டால் தெருவில் விட்டுவிட்ட கதைகள் நிறைய இருந்ததால் வந்த விதி இது. அதைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒப்பந்தத்திலும் வரம்பு இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி 18-க்குக் குறைந்தவரோடு மூன்று ஆண்டுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியாது. பெரியவர்களுக்கு, நாட்டுச் சட்டம் வேறுவிதமாக அனுமதிக்காவிட்டால், ஐந்து ஆண்டு. இங்கிலாந்தில் 16 வயதில் அகாடமி வீரருக்கு இரண்டு ஆண்டு ஸ்காலர்ஷிப் தருவார்கள். அது படிப்பும் பயிற்சியும் சேர்ந்தது. 17 வயதானதும் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். ஸ்காலர்ஷிப் முடியும்போது ஒப்பந்தம் கிடைக்காதவர்கள்தான் அதிகம். அந்த நாள் பல குடும்பங்களுக்கு மிகக் கொடுமையான நாள். எட்டு, ஒன்பது வயதிலிருந்து ஒரே கனவோடு வந்தவரிடம் பத்து நிமிடச் சந்திப்பில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அங்கேயும் கதவு முழுதாக மூடுவதில்லை. வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே 16 வயதில் விட்டுவிட்டது. அவர் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற அரைத் தொழில்முறை கிளப்பில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 2012-ல் லெஸ்டர் வாங்கியது. முதன்முதலாக பிரீமியர் லீகில் இறங்கியபோது வயது 27. 2016-ல் லீக் சாம்பியன். இது அரிதான கதைதான், எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் சேர்ந்த பிறகு தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீரர் பெரிய தொகைக்கு விற்கப்படும்போது, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பங்கு போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு ஆண்டுக்கும் 0.25 சதவீதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டுக்கும் 0.5 சதவீதம். சிறிய ஊர்க் கிளப் ஒன்றில் நான்கு ஆண்டு ஆடிய சிறுவன் பின்னாளில் பெரிய தொகைக்குப் போனால், அந்தக் கிளப் புதிய மைதானமே போட்டுவிடலாம். வீரர்களின் பதிவு விவரங்களை ஒழுங்காக வைத்திருக்காத கிளப்புகள் இந்தப் பணத்தை இழக்கின்றன.

இவ்வளவு நேரம் ஆடாமல் இருப்பதன் ஆபத்தைச் சொன்னேன். அளவுக்கு மீறி ஆடுவதும் அதே அளவு ஆபத்து. பெட்ரியைப் பாருங்கள். லாஸ் பால்மாஸில் இரண்டாம் டிவிஷன் ஆடிவிட்டு 2020-ல் 17 வயதில் பார்சிலோனா வந்தார். அந்தப் பருவத்தில் கிளப்புக்கும் நாட்டுக்கும் சேர்த்து 70-க்கு மேற்பட்ட ஆட்டங்கள். 2021 ஜூலை 6 அன்று யூரோ அரையிறுதி ஆடினார். அதே மாதம் 22-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் ஆட்டம். ஆகஸ்ட் 7 அன்று ஒலிம்பிக் இறுதிப் போட்டி. 18 வயது. அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே தொடைத் தசையில் காயம். அந்த ஆண்டின் பெரும்பகுதியை வெளியில் கழித்தார். எலும்பும் தசைநாரும் முழுதாக உறுதிப்படாத வயதில் வாரம் இரண்டு ஆட்டம் என்பது மிக அதிகம். முன்பு மைக்கேல் ஓவனுக்கும் இதுதான் நடந்தது. 1999 ஏப்ரலில், 19 வயதில், லீட்ஸ் மைதானத்தில் பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் தசை கிழிந்தது. 2001-ல் பலோன் டோர் வாங்கிய பிறகும், அந்தக் காயத்துக்கு முன்பிருந்த வேகம் தனக்குத் திரும்பவில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். திறமையான சிறுவன் ஒருவனை ஒரு பருவத்தில் பிழிந்தெடுப்பது பயிற்சியாளருக்கு அந்த ஆண்டு லாபம், வீரருக்குப் பத்து ஆண்டு நஷ்டம்.

ஆக, எவ்வளவு ஆடினால் போதும்? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. மைதானத்தின் ஓரங்களில் தாக்கி ஆடும் விங்கர்கள் சீக்கிரம் வருவார்கள், தவறினாலும் அணிக்குப் பெரிய சேதமில்லை என்பதால் பயிற்சியாளர்கள் துணிந்து இறக்குவார்கள். லாமின் யமால் 15 வயதில் பார்சிலோனாவுக்கு இறங்கியது அப்படித்தான். நடு டிஃபெண்டரும் கோல்கீப்பரும் தாமதமாக வருவார்கள், அங்கே ஒரு தவறு நேராகக் கோல். 16 வயதில் மிலனின் கோல்கீப்பரான டொன்னரும்மா விதிவிலக்கு. அப்புறம், ஆரம்பச் சாதனைகளை வைத்தும் எடைபோட வேண்டாம். ஈத்தன் நவானேரி 2022 செப்டம்பரில், 15 வயதில், பிரீமியர் லீகின் மிக இளைய வீரராக ஆர்சனலுக்காகக் கடைசி நிமிடங்களில் இறங்கினார். சீனியர் அணியில் தொடர்ந்து வாய்ப்பு வந்தது 2024-25 பருவத்தில். நடுவில் இருந்த இரண்டு ஆண்டும் அவசரப்படாமல் வளர்த்தார்கள். அது சரியான வேலை.

கேள்வியில் உள்ள 20 வயது வீரருக்கு வருவோம். அவர் லோனில் போன இடத்தில் வாரா வாரம் முதல் பதினொருவரில் இருக்கிறார், கடைசி மாதங்களில் முதல் மாதங்களைவிட நன்றாக ஆடுகிறார் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு ஒரு படி மேலான லீகுக்கோ அணிக்கோ போகிறாரா என்று பாருங்கள். பெஞ்சில் இருக்கிறார், அதுவும் தொடர்ந்து இரண்டாவது லோனிலும் என்றால், தேர்வு செய்த இடமே சரியில்லையா, அவரிடம் குறை இருக்கிறதா என்று அவரைச் சுற்றியிருப்பவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையும் பாருங்கள். இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும் கோடையில்தான் கிளப் பெரும்பாலும் முடிவெடுக்கும். நீட்டிக்கச் சொன்னால் அவர்களுடைய திட்டத்தில் அவர் இருக்கிறார் என்பதற்கு அது ஓரளவு சான்று. விற்கப் பார்த்தால், போவதே அவருக்கு நல்லதாகவும் இருக்கலாம்.

கெவின் டி பிரய்னை செல்சி 2012-ல் வாங்கி, வெர்டர் பிரெமனுக்கு லோனில் அனுப்பியது. அங்கே அருமையாக ஆடிவிட்டு வந்தவருக்கு செல்சியில் இடம் கிடைக்கவில்லை. பெரிய கிளப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் 2014 ஜனவரியில், 22 வயதில், வோல்ஃப்ஸ்பர்க் போனார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் சிறந்த வீரர் விருது, அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டி. ஓடகார்ட் மாட்ரிடை விட்டுப் போனதும் அதே 22 வயதில்தான். கேள்வியில் உள்ள வீரருக்கு அந்த வயது வர இன்னும் இரண்டு முழுப் பருவங்கள் இருக்கின்றன.